யாரிடம் காட்டுவது?

ஒன்றரை வயதாகியும் குழந்தை ‘அம்மா’ என்று சொல்லவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை. தாய்க்கு மனசு உறுத்துகிறது. வீட்டுப் பெரியவர்களோ, “அவங்கப்பனும் மூணு வயசுலதான் பேசினான், விடும்மா” என்கிறார்கள். பாசத்தில் சொல்வதுதான். ஆனால் மூளை மிக வேகமாக வளரும் காலம் அது. அப்போது போகிற ஒவ்வொரு மாதமும் குழந்தைக்கு நஷ்டம்.

குறிப்பாகக் காது கேளாத குழந்தைகள். சிரிக்கும், ஓடும், முகம் பார்த்து விளையாடும். அதனாலேயே குறை தெரியாமல் போய்விடுகிறது. ஆறு வயதுக்குள் கண்டுபிடித்தால், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் காது கேட்க உதவும் காக்ளியர் கருவி பொருத்த வழி இருக்கிறது. அதற்குப் பிறகு மாதக்கணக்கில் பேச்சுப் பயிற்சியும் தேவை. எவ்வளவு சீக்கிரம் பொருத்துகிறோமோ, அவ்வளவுக்குப் பேச்சு வரும்.

தமிழ்நாட்டில் உதவிக்கு இடமே இல்லை என்று சொல்ல முடியாது. 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டமான ஆர்.பி.எஸ்.கே.-யின்படி, நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறை வர வேண்டும். பிறவிக் குறைபாடு, சத்துக்குறைவு, நோய், வளர்ச்சித் தாமதம் ஆகியவற்றைப் பார்த்து, சந்தேகம் இருந்தால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கு எழுதிக்கொடுப்பார்கள். மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், பேச்சுப் பயிற்சியாளர், சிறப்பாசிரியர் எல்லாரையும் ஒரே இடத்தில் பார்ப்பதற்காக ஏற்பட்ட மையம் அது. சிகிச்சை இலவசம்.

சந்தேகத்தைச் சோதிக்கவும் பெரிய கருவிகள் வேண்டாம். திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையம் உருவாக்கிய அட்டை ஒன்று உண்டு. இரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்கானது. மொத்தம் 17 செயல்கள். குழந்தையின் வயது இருக்கும் இடத்தில் ஒரு பென்சிலைச் செங்குத்தாக வைக்க வேண்டும். பென்சிலுக்கு இடப்புறம் முழுதாக விழும் செயல்களையெல்லாம் குழந்தை செய்தாக வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் மேல்பரிசோதனைக்கு அனுப்பலாம். சில நிமிட வேலை. அங்கன்வாடிப் பணியாளரே செய்துவிட முடியும்.

சிக்கல், சீட்டு எழுதிக் கொடுத்த பிறகுதான். இரண்டு பஸ் மாறி மாவட்டத் தலைநகருக்குப் போக வேண்டும். அன்றைய கூலி போய்விடும். மூத்த பிள்ளையை யார் பார்ப்பது? இரண்டு தடவை போய்வந்த குடும்பம் மூன்றாம் தடவை தயங்குவதில் வியப்பில்லை. சீட்டு கொடுத்ததோடு தன் கடமை முடிந்ததாக எந்த அலுவலகமும் நினைக்கக் கூடாது.

தென்காசி அருகே ஆய்க்குடியில் இயங்கும் அமர் சேவா சங்கம் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறது. 1975-ல் கடற்படைத் தேர்வின்போது கழுத்தில் அடிபட்டு, கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-ல் தொடங்கிய அமைப்பு. சுற்றுக் கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, வீடு வீடாக அனுப்புகிறது. அவர்கள் செல்போன் செயலியில் பதியும் முன்னேற்றத்தைத் தெரபிஸ்ட்கள் பார்த்து, அடுத்த பயிற்சியைத் திட்டமிடுகிறார்கள்.

வீட்டுப் பயிற்சி என்பது அன்றாட வேலையோடு சேர்ந்ததுதான். கழுத்து நின்றும் உட்கார முடியாத குழந்தையைச் சுவர் மூலையில் தலையணை அண்டக்கொடுத்து உட்கார வைக்கலாம். கால்கள் விறைத்துக் கத்தரிபோல் பின்னிக்கொள்ளும் குழந்தையைத் தோளில் போடாமல், இரு கால்களையும் அகட்டி இடுப்பில் வைத்துத் தூக்கலாம். நம் பெண்கள் காலங்காலமாகப் பிள்ளை தூக்கும் விதம்தான் இது. ஏன் அப்படித் தூக்க வேண்டும் என்று பாட்டிக்கும் ஒருவர் சொல்லிக்கொடுத்துவிட்டால், வாரம் ஒருமுறை நடக்கும் பயிற்சி தினமும் நடக்கும்.

சந்தேகம் வந்தவர்கள் அங்கன்வாடியிலோ கிராம சுகாதாரச் செவிலியரிடமோ கேட்கலாம். 104 மருத்துவ உதவி எண்ணுக்குப் போன் செய்யலாம். குறைமாதத்தில் பிறந்த, பிறந்ததும் அழாத, இன்குபேட்டரில் இருந்த குழந்தைகள் என்றால், அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்கவே வேண்டாம். டிஸ்சார்ஜ் ஆகும்போதே வளர்ச்சிப் பரிசோதனைக்கு எந்தத் தேதியில், எந்த அறைக்கு வர வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.