மேசை மீது ஒரு தாமிரவருணிப் போர்

மேசைப் போர்விளையாட்டு என்பது நம்மில் பலருக்குப் பழக்கமில்லாத ஒன்று. ஆறடி நீளமும் நான்கடி அகலமும் கொண்ட ஒரு மேசை. அதன்மேல் குன்று, ஆறு, வயல், கோட்டை ஆகியவற்றின் சிற்றுருவங்கள். இருபுறமும் கட்டைவிரலில் பாதி உயரமேயுள்ள, வண்ணம் தீட்டிய வீரர் பொம்மைகள். இருவர் எதிரெதிரே நின்று, அளவுகோலால் தூரத்தை அளந்து தத்தம் படைகளை நகர்த்துவர். மோதலின் முடிவைப் பகடை சொல்லும். சதுரங்கத்தில் தற்செயலுக்கு இடமில்லை, இதில் உண்டு. உண்மைப் போரிலும் உண்டு.

யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படையைப் பலகையில் நிறுத்தி விளையாடிய மரபு நம்முடையது. 19-ஆம் நூற்றாண்டில் பிரஷ்யா நாட்டு ராணுவம், தன் அதிகாரிகளின் பயிற்சிக்காக வரைபடத்தின்மீது ஆடும் போர்விளையாட்டை ஏற்றுக்கொண்டது. அதற்கான விதிகள் 1824-இல் வெளிவந்தன. ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ், பொம்மை வீரர்களைக் கொண்டு வீட்டுத் தரையில் ஆடுவதற்கான விதிகளை 1913-இல் நூலாக்கினார். இன்று இது பல நாடுகளில் பெரியவர்களின் பொழுதுபோக்கு. அதில் 'மறுமலர்ச்சிக் காலம்' என்பது ஒரு தனிப் பிரிவு. ஏறத்தாழ 1500 முதல் 1700 வரை, நெடிய ஈட்டியும் புதிதாக வந்த துப்பாக்கியும் ஒரே களத்தில் நின்ற காலம் அது.

வெளிநாட்டில் படிக்கும் என் பேரன் கோடை விடுமுறைக்குத் திருவேங்கடம் வந்தபோது, அக்காலத்து ஜெர்மானிய ஈட்டிப்படை ஒன்றை வண்ணம் தீட்டாத பொம்மைகளாகப் பெட்டியில் கொண்டுவந்திருந்தான். அவற்றைத் திண்ணையில் பரப்பி வைத்தபடி, "இதே காலத்தில் நம் பக்கம் போர் எதுவும் நடக்கவில்லையா, தாத்தா?" என்று கேட்டான்.

நடந்தது, நம் ஆற்றங்கரையிலேயே நடந்தது. தென்காசியைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட பிற்காலப் பாண்டியரின் நிலப்பகுதிகளை வேணாட்டு அரசர் கைப்பற்ற, பாண்டியர் விஜயநகரத்தின் உதவியை நாடினார். பேரரசர் அச்சுததேவராயர் திருவரங்கத்தில் தங்கி, தம் மைத்துனர் சலகராஜு திருமலையின் தலைமையில் தெற்கே படையை அனுப்பினார். 1532-ஆம் ஆண்டளவில் நிகழ்ந்த இப்போரின் முடிவில் தாமிரவருணிக் கரையில் வெற்றித்தூண் நாட்டப்பட்டது. பாண்டியர் தம் நாட்டை மீண்டும் பெற்றார். ஐரோப்பிய ஈட்டிப்படைகள் இத்தாலியில் மோதிக்கொண்டிருந்த அதே காலம். ஆகவே அந்தக் கோடையில் ஜெர்மானியப் படையைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, தாமிரவருணிப் படையைத் திரட்டத் தொடங்கினோம்.

படை திரட்டுவது என்றால் என்ன என்பது அப்போதுதான் புரிந்தது. பாடநூலில் 'பெரும்படையுடன் சென்றார்' என்று ஒரு வரி எழுதினால் போதும். பொம்மை அவ்வளவில் விடாது. தலையில் பாகையா, இரும்புக் கவசமா? மேலாடை உண்டா? கேடயம் வட்டமா, நீளமா? வில் எந்தக் கையில்? யானைமீது எத்தனை பேர்? ஒவ்வொன்றுக்கும் விடை தெரியாமல் தூரிகையை எடுக்க முடியாது. ஐரோப்பியப் படைக்கு இத்தகைய ஐயங்கள் எழுந்தால் தீர்த்துவைக்கப் படங்களுடன் கூடிய கையேடுகள் கடைகளில் கிடைக்கின்றன. நம் படைக்கு நாமே தேட வேண்டும்.

முதற்சான்று எழுத்தில் உள்ளது. 1520-ஐ ஒட்டி விஜயநகரத்துக்கு வந்த போர்ச்சுகீசியர் டோமிங்கோ பயஸ், மகாநவமி விழா முடிந்தபின் பேரரசர் தம் படையைப் பார்வையிட்டதை நேரில் கண்டு எழுதினார். ராபர்ட் சீவல் 1900-இல் வெளியிட்ட நூலில் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு உள்ளது. வண்ணம் தீட்டுவோருக்கென்றே எழுதியதுபோல் அமைந்த குறிப்பு அது. குதிரைகளின் நெற்றியில் வெள்ளித் தகடு. பலவற்றுக்குப் பொன்முலாம் பூசியது. வீரர்களின் மெத்தைத்தைத்த அங்கிக்குள் தோல் அடுக்குகளும் இரும்புத் தகடுகளும். கேடயங்கள் சிலவற்றில் பொன்னாலும் வெள்ளியாலும் பூக்கள், சிலவற்றில் புலி உருவம், சில முகம் பார்க்கும் அளவுக்கு மெருகேறிய கருநிறம். யானைகளின் முகத்தில் பூதங்களும் விலங்குகளும் வரையப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் மூன்று அல்லது நான்கு பேர்.

இரண்டாவது சான்று நம் அருகிலேயே சுவரில் உள்ளது. தாமிரவருணிக் கரையில், திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்த திருப்புடைமருதூர் நாறும்பூநாத சுவாமி கோயிலின் கோபுர நிலைகளுக்குள் ஏறினால், மரச்சிற்பங்களும் வண்ண ஓவியங்களும் நிறைந்த அறைகள் வருகின்றன. புராணக் காட்சிகளோடு போர்க்காட்சிகளும் அங்கு உண்டு. அவற்றை 1532-ஆம் ஆண்டுப் போரோடு தொடர்புபடுத்தும் ஆய்வாளர்கள் உள்ளனர். குதிரைகளை ஏற்றிவரும் கப்பல் ஒன்றும் அங்கே தீட்டப்பட்டுள்ளது. பயஸ் சொல்லால் வரைந்ததை நம் ஓவியர் கோட்டால் வரைந்திருக்கிறார். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான் எங்கள் வீரனுக்கு உருவம் கிடைத்தது.

அடுத்து எண்ணிக்கை. பொருளாதாரம் கற்பித்தவன் என்பதால் இங்கே எனக்கு ஆர்வம் மிகுந்தது. 1530-களில் விஜயநகரத்தில் இருந்த குதிரை வணிகர் பெர்னாவோ நூனிஸ், 1520-இல் கிருஷ்ணதேவராயர் ராய்ச்சூருக்கு எதிராகத் திரட்டிய படையைக் கணக்கிட்டுத் தருகிறார்: காலாட்கள் 7,03,000, குதிரைகள் 32,600, யானைகள் 551. மிகை இருக்கலாம், எனினும் விகிதம் கவனத்துக்குரியது. ஆயிரம் பேருக்கு ஒரு பொம்மை என்று வைத்தால் காலாட்கள் 703, குதிரைவீரர் 33, யானை அரை! அதே முற்றுகையில் கோட்டைமேல் நின்றவர்களைச் சுட்டு வீழ்த்தி வெற்றிக்கு உதவியவர்கள் கிறிஸ்டோவாவோ டி பிகெய்ரெடோவும் அவருடைய 20 துப்பாக்கி வீரர்களும் என்கிறார் நூனிஸ். ஆயிரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் அவர்கள் பூஜ்யம்.

ஒரு மாதிரி எதைக் காட்ட வேண்டும், எண்ணிக்கையையா, விளைவையா? வகுப்பறையில் பல ஆண்டுகள் விளக்கியும் மாணவர்கள் தடுமாறிய கேள்வி இது. அரை யானையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் பன்னிரண்டு வயதுச் சிறுவனுக்கும் விளங்கிவிடுகிறது. "யானையைப் பார்த்து எதிரி பயப்படுவானே, தாத்தா! அதற்காகவே ஒன்று முழுசாக வேண்டும்" என்றான் அவன். 40 காலாட்களுக்கு விகிதப்படி இரண்டே குதிரைகள் வரும். யானையையோ விளைவுக்காகச் சேர்த்துக்கொண்டோம்.

நூனிஸ் தரும் இன்னொரு கணக்கு இதைவிட முக்கியமானது. படையினர் தாகத்தால் மடியாதிருக்க, 10,000 முதல் 12,000 பேர் வரை தோல்பைகளில் தண்ணீர் சுமந்து வழிநெடுக நின்றார்களாம். வணிகரும் வண்ணாரும் உடன் சென்றனர்; பாசறைக்குள் கடைத்தெருவே இயங்கியது. ஆயிரத்துக்கு ஒன்று என்றால் தண்ணீர் சுமப்போருக்குப் பன்னிரண்டு பொம்மைகள் உண்டு, யானைக்கு அரைதான். ஆனால் எந்த விளையாட்டுப் பெட்டியிலும் முன்வரிசையில் இருப்பது யானை. படையெடுப்பு என்பது முதலில் தண்ணீர், தானியம், வண்டிமாடு ஆகியவற்றின் கணக்கு. வாள் அதற்குப் பின்னர் வருவது. ஆகவே எங்கள் படையில் தோல்பை சுமக்கும் ஒருவரைக் கட்டாயம் சேர்த்தோம்.

செய்முறை கடினமன்று, பொறுமைதான் வேண்டும். பழைய மோட்டாரின் செம்புக் கம்பியை முறுக்கி எலும்புக்கூடு. அதன்மேல் குழாய்க் கசிவை அடைக்கும் எம்-சீல் பசையைப் பிசைந்து உடல். இறுகியதும் பிசிறுகளை அரத்தால் தேய்த்து, சோப்பு நீரில் கழுவிக் காயவைக்க வேண்டும். இல்லையெனில் வண்ணம் பிடிக்காது. 28 மில்லிமீட்டர் வீரன் ஏறத்தாழ அறுபதில் ஒரு பங்கு அளவினன். எங்கள் வட்டாரத்தில் எளிதில் கிடைக்கும் தீக்குச்சியை வேலாகக் கொடுத்தால், உண்மை அளவில் அது பனங்கை போலாகிவிடும். தென்னை ஈர்க்கின் நுனிதான் பொருந்தியது. சாம்பல்நிற அடிப்பூச்சுக்குப் பின் உடல், உடை, கச்சை, ஆயுதம் என்று உள்ளிருந்து வெளியே வருவது முறை. மனிதன் உடுத்தும் வரிசையும் அதுவே. நாற்பது வீரர்களுக்கும் ஒரே நிறத்தை ஒரே நேரத்தில் தீட்டிவிட்டு அடுத்த நிறத்துக்குச் செல்வது நேரத்தை மிச்சப்படுத்தும். ஆடம் ஸ்மித் குண்டூசி ஆலையில் கண்ட வேலைப் பிரிவினையின் பயனை இங்கே ஒரே ஆள் ஓரளவு பெறலாம். கடைசியில் நிழலுக்கு நீர்த்த பழுப்பு, பாதுகாப்புக்கு வார்னிஷ், காலடியில் ஆற்று மணல்.

எல்லாருக்கும் ஒரே சீருடை தீட்டிவிடலாமா? கூடாது. அக்கால ஐரோப்பியப் படைகளுக்கே பொதுச் சீருடை இல்லை. விஜயநகரப் படையோ, பேரரசரிடம் நிலவருவாய் பெற்று, அதற்கு ஈடாகக் குறிப்பிட்ட அளவு வீரரையும் குதிரையையும் யானையையும் அனுப்பக் கடமைப்பட்ட நாயக்கர்களின் கூட்டு. ஆகவே பகுதிக்கு ஒரு சாயல் வேண்டும். நிறத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே நிலவரி முறையையும் பேச வேண்டியதாகிறது.

இவ்விளையாட்டில் ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் ஒரு விலைப்புள்ளி உண்டு. இருவருக்கும் ஒரே மொத்தப் புள்ளி. யானையை எடுத்தால் வில்லாளர் குறைவர். ஒன்றைப் பெறுவதற்காக இழக்கும் மற்றொன்றே அதன் உண்மை விலை என்னும் பொருளாதாரப் பாடம் இதுதான். விஜயநகரம் ஆண்டுக்கு 13,000 ஓர்மஸ் குதிரைகளை வாங்கியது என்கிறார் நூனிஸ். கோவா 1510-இல் போர்ச்சுகீசியர் வசமானபின் குதிரை இறக்குமதியில் அவர்கள் பிடி இறுகியது. திருப்புடைமருதூர்ச் சுவரில் போர்க்களத்தோடு கப்பலும் இடம்பெற்றிருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. களத்தில் பாயும் குதிரையின் விலை கடலில் தீர்மானிக்கப்பட்டது.

குழந்தைகளுக்குப் போரை விளையாட்டாக்கிக் கொடுக்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. கைப்பேசியில் சுட்டு வீழ்த்தும் விளையாட்டில் வீழ்ந்தவன் நொடியில் எழுந்துவிடுகிறான். ஒரு வீரனுக்கு இரண்டு மாலைப்பொழுதுகள் செலவிட்டவன், பகடை சொல்லி அவனை மேசையிலிருந்து எடுக்கும்போது சற்றே தயங்குகிறான். அத்தயக்கம் நல்லது.

நம்மிடம் சான்றும் உண்டு, கையும் உண்டு. மதுரையை அடுத்த விளாச்சேரி போன்ற ஊர்களில் தலைமுறைகளாகக் கொலு பொம்மை செய்வோருக்கு நவராத்திரிதான் பெரும் பருவம். வரலாற்றுத் துறை மாணவர்கள் ஓவியத்தையும் கல்வெட்டையும் ஆராய்ந்து உருவரை தந்தால், மற்ற மாதங்களிலும் அக்கைகளுக்கு வேலை இருக்கும். பள்ளிகளுக்கு நம் மண்ணின் வரலாறு பொம்மைகளாகக் கிடைக்கும். திருப்புடைமருதூர்ப் போர் வரிசை ஒன்றை முதலில் செய்து பார்க்கலாம்.

அதற்குமுன் ஓவியங்கள் நிலைக்க வேண்டும். திருப்பணி என்ற பெயரில் சுண்ணாம்பு பூசி மறைக்கப்பட்ட சுவரோவியங்கள் தமிழகத்தில் பல. அறிஞர் மேற்பார்வையின்றிக் கோயில் சுவரைத் தொடக் கூடாது. எஞ்சியவை அனைத்தும் உயர்தரப் படங்களாகப் பதிவுசெய்யப்பட்டுப் பொதுப் பயன்பாட்டுக்கு வர வேண்டும். சுவரில் ஒரு வீரனின் தலைப்பாகை அழிந்தால், அது என்ன நிறம் என்று கேட்கும் குழந்தைக்குச் சொல்ல நம்மிடம் விடை இராது.