செத்துப் பிழைக்கும் வீரர்கள்

யமலோகத்தின் வாசல் வரையில் போய்த் திரும்பி வந்தவர்கள் நமது புராணங்களில் வெகு சிலரே. ஸத்தியவானை மீட்பதற்காகச் சாவித்திரி யமதர்மராஜன் பின்னால் எவ்வளவு தூரம் நடந்தாள், எவ்வளவு சாமர்த்தியமாகப் பேசினாள் என்பது நேயர்கள் அறிந்ததுதான். மார்க்கண்டேயன் விஷயத்தில் பரமசிவனே நேரில் வர வேண்டியதாயிற்று. ஆனால் அமெரிக்கா தேசத்தில் 'காமிக்ஸ்' என்று வழங்கும் சித்திரக் கதைகளில் இத்தனை சிரமம் கிடையாது. அங்கே இறந்து போன வீரன் திரும்பி வருவதற்குச் சாவித்திரியும் வேண்டாம், சிவபெருமானும் வேண்டாம். புத்தகங்களின் விற்பனை சற்றுத் தளர்ந்தால் போதும்!

இதுதான் அந்நாட்டுச் சித்திரக்கதை ரஸிகர்களின் தலையாய குறை. குறை கூறுவதில் அவர்களுக்கு நிகர் வேறு யாரும் இல்லை என்றே சொல்லலாம். ஆதி நாளிலிருந்தே கதைப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் வாசகர் கடிதங்கள் அச்சாகி வந்தன. 1960-ஐ ஒட்டிக் கடிதம் எழுதியவரின் முழு விலாசத்தையும் சேர்த்து அச்சிடத் தொடங்கவே, குறை சொல்லுகிறவர்கள் ஒருவரையொருவர் கண்டுபிடித்துக் கொண்டார்கள். கேட்க வேண்டுமா? 'மார்வெல்' கம்பெனியார் ஒரு வேடிக்கை செய்தனர். கதையில் உள்ள பிழையைச் சுட்டிக் காட்டி, அது ஏன் பிழையாகாது என்பதற்கு ஸமாதானமும் கண்டுபிடித்து எழுதும் வாசகருக்கு ஒரு பரிசு அனுப்பினார்கள். உறையைப் பிரித்தால் உள்ளே ஒன்றும் இராது. அந்த வெற்று உறையைப் பொக்கிஷம் போல் பாதுகாத்து வைத்தவர்கள் உண்டு.

இத்தகைய மனிதர்களுக்கு மரணம் என்பது விளையாட்டாகப் போய் விட்டால் கோபம் வராமல் இருக்குமா? 1938-ல் பிறந்த சூப்பர்மேனை 1992-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் கொன்றார்கள். அந்த இதழைக் கறுப்புப் பையிலிட்டுத் துக்கம் அநுஷ்டிக்கக் கையில் கட்டும் கறுப்புத் துணியும் சேர்த்து விற்றார்கள். கடை வாசல்களில் ஜனங்கள் வரிசையாக நின்றார்கள். அடுத்த வருஷமே வீரர் எழுந்து வந்து விட்டார். துணியைக் கட்டிக் கொண்டு நிஜமாகவே கண் கலங்கிய பையன்கள் அந்தத் துணியை என்ன செய்தார்களோ, தெரியவில்லை.

இதைக் காட்டிலும் விசித்திரமான சம்பவம் 1988-ல் நடந்தது. பாட்மேன் என்னும் வௌவால் வீரனுக்கு ராபின் என்ற பட்டப் பெயருடன் ஒரு சிறுவன் துணையாக இருப்பது வழக்கம். முதல் ராபின் வளர்ந்து தனி வழி போய் விடவே, ஜேஸன் டாட் என்னும் இரண்டாம் ராபின் வந்து சேர்ந்தான். பாட்மேனுடைய மோட்டார் வண்டியின் சக்கரங்களையே திருட வந்த பையன் என்று அவனுடைய பூர்வோத்தரத்தை எழுதியிருந்தார்கள். துடுக்கும் முன்கோபமும் நிறைந்த இந்தப் பையனை வாசகர்களில் பலருக்குப் பிடிக்கவில்லை. புகார்க் கடிதங்கள் குவிந்தன. ஆசிரியர் டென்னிஸ் ஓநீல் என்ன செய்தார் தெரியுமா? தீர்ப்பை வாசகர்களிடமே விட்டு விட்டார். ஜோக்கர் என்னும் கொடியவன் பையனை அடித்துப் போட்டு, வெடிகுண்டும் வைத்து விட்டுப் போகிற கட்டத்தில் கதை நின்றது. பையன் பிழைக்க வேண்டுமானால் ஒரு டெலிபோன் நம்பர், சாக வேண்டுமானால் மற்றொன்று. ஒரு தடவை கூப்பிட ஐம்பது ஸெண்ட் கட்டணம். முப்பத்தாறு மணி நேரத்தில் சாகட்டும் என்றவர்கள் 5,343. பிழைக்கட்டும் என்றவர்கள் 5,271. வெறும் எழுபத்திரண்டு வாக்கு வித்தியாஸத்தில் ஒரு சிறுவனின் தலையெழுத்து நிச்சயமாகி விட்டது.

ஐம்பது ஸெண்ட் செலவழித்து ஒரு குழந்தையைக் கொல்லச் சொல்லும் ஜனங்களைப் பற்றி என்ன நினைப்பது என்று நாம் யோசிக்கலாம். ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். அந்தச் சாவுக்கு வாசகர்களே பொறுப்பாளிகள் ஆனதால், அதற்கு ஒரு கனம் ஏற்பட்டது. பாட்மேனின் குகையில் கண்ணாடிப் பேழைக்குள் பையனுடைய உடுப்பு தொங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் வாக்களித்தவர்களுக்கு நெஞ்சு சற்று உறுத்தத்தான் செய்திருக்கும். ரஸிகர்களிடையே ஒரு பழமொழியே வழங்கி வந்தது: சித்திரக்கதையில் செத்தவர் செத்தவராகவே இருப்பது மூன்றே பேர் என்று. சிலந்தி வீரனாகிய ஸ்பைடர்மேனின் சிற்றப்பா பென் ஒருவர். காப்டன் அமெரிக்கா என்ற வீரனின் இளந்தோழன் பக்கி ஒருவன். மூன்றாமவன் இந்த ஜேஸன்.

2005-ம் வருஷத்தில் பக்கியும் வந்து விட்டான், ஜேஸனும் வந்து விட்டான். பாவம், சிற்றப்பா மட்டும் தனியாக நின்று போனார். பக்கி திரும்பிய கதையை எட் புரூபேக்கர் வெகு நேர்த்தியாக எழுதினார் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆயினும் 5,343 பேரின் உறுத்தலுக்கு அப்புறம் என்ன அர்த்தம்?

கம்பெனிக்காரர்கள் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. கதாபாத்திரம் அவர்களுடைய சொத்து. வருஷந்தோறும் புதிய சிறுவர்கள் வாசகர்களாக வருகிறார்கள். அவர்களுக்கு வீரன் இளமையாகவே இருக்க வேண்டும். இந்தக் கவலையினால்தான், 1987-ல் ஊரறிய விவாகம் செய்து வைத்த ஸ்பைடர்மேனுக்கு 2007-ல் ஒரு வினை செய்தார்கள். சாகக் கிடந்த சிற்றன்னையைப் பிழைக்க வைப்பதற்கு விலையாகச் சாத்தான் அந்த விவாகத்தையே எடுத்துக் கொண்டு விட்டானாம். தம்பதிகள் பிரிந்தார்கள் என்றால் வாசகர்கள் அழுதிருப்பார்கள். கலியாணமே நடக்கவில்லை என்றால்? இருபது வருஷம் கூட இருந்து வாசித்தவனைப் பார்த்து, "நீ ஒன்றையும் பார்க்கவில்லை, அப்பா!" என்று சொல்வது போல அல்லவா இருக்கிறது? இந்த விஷயத்தில் நான் ரஸிகர்களின் கட்சி.

சாவிலும் பாரபக்ஷம் உண்டு என்று எடுத்துக் காட்டியவர் ஒரு பெண்மணி. 1994-ல் வந்த ஒரு கதையில் 'பச்சை விளக்கு' வீரனின் காதலியைக் கொன்று குளிர்ப்பெட்டிக்குள் வைத்து விட்டுப் போகிறான் எதிரி. வீரனுக்கு ரோஷம் வருவதற்காக ஒரு பெண் சாக வேண்டுமா என்று கேட்டு, இப்படிக் கொல்லப்பட்ட, ஊனமாக்கப்பட்ட கதாநாயகிகளின் நீண்ட பட்டியலை 1999-ல் வெளியிட்டார் கெயில் ஸிமோன் அம்மையார். கூந்தல் அலங்காரத் தொழில் செய்து வந்த இவரே பிற்பாடு கதாசிரியையாகி, 2007 முதல் 'ஒண்டர் உமன்' கதையை எழுதினார். குறை சொன்னவர் கையில் பேனா வந்து சேர்ந்த அதிர்ஷ்டம் எல்லாருக்கும் கிட்டுவதில்லை.

முக்கியமாக, சிறு கூட்டத்தாருக்குக் கிட்டுவதில்லை. ஒரு காலத்தில் காதல் கதை, குதிரை வீரர் கதை, பேய்க் கதை எல்லாம் வீர புருஷர்களின் கதைக்குச் சமமாக விற்றவைதாம். 1954-ல் ஏற்பட்ட தணிக்கை விதிகள் பேய்க் கதைகளை ஒடுக்கின. மற்றவை மெல்ல மெல்லத் தேய்ந்தன. எஞ்சியிருந்த குதிரை வீரர்களில் ஜோனா ஹெக்ஸ் ஒருவன். 1972-ல் தோன்றிய இவன், அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தில் தோற்ற தென்பகுதிச் சேனையின் சாம்பல் நிறக் கோட்டை விடாமல் அணிந்தவன். முகத்தின் வலப்பாகம் வெந்து விகாரமானவன். 1978-ல் ஒரு விசேஷ இதழில் அவனுடைய முடிவையே எழுதி விட்டார்கள். 1904-ம் வருஷம், வயது அறுபத்தாறு. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக் கொண்டிருக்கையில் ஒருவன் சுட்டு விடுகிறான். பிணத்தைக் கூடப் புதைக்க விடாமல், பஞ்சடைத்துப் பகட்டான உடை மாட்டிக் காட்சிப் பொருளாக்கி விடுகிறார்கள். முடிவு இது என்று தெரிந்த பின்னும் வாசகர்கள் அவனுடைய பழைய நாட்களின் கதைகளை ஏழு வருஷம் வாங்கிப் படித்தார்கள். ஒவ்வொரு துப்பாக்கிச் சண்டையிலும் அவன் பிழைப்பான் என்று தெரியும். கடைசியில் பிழைக்க மாட்டான் என்றும் தெரியும். அதனாலேயே மனம் ஒன்றிற்று.

1985-ல் அவனுடைய பத்திரிகை தொண்ணூற்றிரண்டாம் இதழோடு நின்றது. உடனே அவனைக் குதிரையிலிருந்து இறக்கி, அணுகுண்டு யுத்தத்தால் பாழான இருபத்தோராம் நூற்றாண்டில் கொண்டு போய்ப் போட்டு, புதுப் பெயரில் புதுப் பத்திரிகை நடத்தினார்கள். குதிரை வீரர் கதைப் பிரியர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! புதிய வாசகர்களும் திரளாக வரவில்லை. பதினெட்டே இதழ்கள். கடைசி இதழில் ஜோனா ஹெக்ஸ் ஓரிடத்தில் பஞ்சடைத்த ஓர் உருவத்தைக் காண்கிறான். உற்றுப் பார்த்தால் அது அவனேதான். தன் பிணத்தைக் கண்டதும் அவனுக்கு ஆறுதல் உண்டாகிறது: எப்படியும் ஊர் திரும்பித்தான் சாகப் போகிறோம் என்று.

2006 முதல் 2011 வரையில் அவனுக்கு மீண்டும் குதிரையும் பாலைவனமும் கொடுத்து எழுபது இதழ்கள் வெளியிட்டார்கள். அவற்றில் பெரும்பாலானவற்றில், எடுத்த கதை அந்த இதழிலேயே முடிந்து விடும்.