அவள் வீடு, அவன் கையெழுத்து

நெடுந்தீவிலோ நயினாதீவிலோ ஊர்காவற்றுறையிலோ கலியாணத்துக்கு எழுதும் சீதன உறுதியில் பெண்ணின் பெயர்தான் இருக்கும். காணி அவளுடையது, வீடும் அவளுடையது. ஆனால் அதை விற்கவோ ஈடு வைக்கவோ நொத்தாரிசிடம் போனால் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தின் 6ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. அவள் நகையை விற்கலாம், மரணசாசனத்தில் வீட்டை விரும்பியவருக்கு எழுதலாம்; உயிரோடு இருக்கையில் தனித்து விற்க முடியாது. கணவனுக்கு, தன் சொந்தக் காணியை விற்க மனைவியின் கையெழுத்துத் தேவையில்லை. பொதுச் சட்டத்தின் கீழ் வரும் பெண்களுக்கு இந்தத் தளை 1923லேயே அறுந்தது. ஆனால் அதை அறுத்த சட்டம், யாழ்ப்பாணத்தின் மரபுச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட தமிழரை விலக்கிவிட்டது.

இலங்கை அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை பால் காரணமாகப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறதே, வழக்குப் போடலாமே என்று தோன்றும். 16ஆம் உறுப்புரை அந்த வழியை அடைக்கிறது: 1978க்கு முன்பிருந்த சட்டம் அடிப்படை உரிமைகளுக்கு முரணானாலும் செல்லுபடியாகும். தென்னாபிரிக்காவில் அப்படியொரு தடை இருக்கவில்லை. அங்கே கயெலிட்ஷா என்ற இடத்தில் தகப்பனை இழந்த இரண்டு சிறுமிகளின் வீடு, மரபுச் சட்டப்படி பாட்டனுக்குப் போக இருந்தது. ஈமச் செலவுக்காக அவர் அதை விற்கப் பார்த்தார். 2004இல் அரசியலமைப்பு நீதிமன்றம் சமத்துவத்தைக் காட்டி அந்த விதியையே நீக்கியது.

கணவன் விட்டுப் போனாலோ, இருப்பிடம் தெரியாவிட்டாலோ, காரணமின்றிச் சம்மதம் மறுத்தாலோ மாவட்ட நீதிமன்றம் அனுமதி தரலாமே என்பார்கள். 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8ஆம் பிரிவு அதற்கு இடம் தருவது உண்மை. ஆனால் போரில் கணவனைத் தொலைத்த நெடுந்தீவுப் பெண், படகேறிக் குறிகாட்டுவானில் இறங்கி, பஸ் பிடித்து, சட்டத்தரணிக்குக் காசு கட்டி, தன் சொந்த வீட்டுக்கு அனுமதி கேட்டு நிற்க வேண்டும். அவளுடைய கணவனுக்கு ஒருநாளும் இல்லாத அலைச்சல் இது. ஏமாற்றுக்காரரிடமிருந்து இந்த விதி பெண்ணைக் காக்கிறது என்பதும் பொருந்தாது. ஆண்களும்தான் ஏமாறுகிறார்கள், அவர்களுக்கு ஏன் காவல் வைக்கவில்லை?

இன்னொரு அச்சத்தை மதித்தே பேச வேண்டும். தேசவழமை எங்கள் அடையாளம், அதில் கொழும்பு கை வைக்கக் கூடாது என்பது அது. ஆனால் 1707இல் ஒல்லாந்தர் தொகுத்தபடியே தேசவழமை இன்று இல்லை. 1911இல் மாறியது, 1947இல் தேடியதேட்டம், அதாவது மணவாழ்வில் தேடிய சொத்து, பற்றிய விதிகள் திருத்தப்பட்டன. சீதனக் காணி பெண்ணின் சொத்து என்ற அதன் நல்ல பகுதியை, 6ஆம் பிரிவிலுள்ள சம்மத நிபந்தனைதான் பாதியாக்குகிறது. அதை நீக்கும் சட்டமூலத்தை வடக்கின் நாடாளுமன்ற உறுப்பினர்களே கொண்டுவரட்டும். அதற்கு 16ஆம் உறுப்புரை தடையில்லை. பழைய சட்டத்தைத் திருத்தும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு எப்போதும் உண்டு.