உங்களுக்குத் தெரியுமா? தண்ணீர் தங்காத கால்வாய்

அயர்லாந்தின் மேயோ கவுண்டியில் உள்ள காங் என்னும் சிற்றூரை ஒட்டி, மாஸ்க், கோரிப் ஆகிய இரு ஏரிகளையும் படகு வழியாக இணைக்க வெட்டப்பட்ட கால்வாயில், கல்லால் கட்டிய மதகுகள் இன்றும் நிலைத்திருந்தபோதிலும், படகுப் போக்குவரத்து ஒருநாளும் நடந்ததில்லை.

• உருளைக்கிழங்குப் பயிர் அழுகியதால் நேர்ந்த பெரும்பஞ்சக் காலத்தில், பட்டினியில் வாடியவர்களுக்குக் கூலி வேலையாகவும் அமைந்த இப்பணி, 1848-இல் தொடங்கி 1854-இல் கைவிடப்பட்டது.

• அங்குள்ள நிலம் கார்ஸ்ட் எனப்படும் வகையைச் சேர்ந்தது. அதாவது, மழைநீர் அரித்துப் பிளவும் பொந்துமாக்கிய சுண்ணாம்புப் பாறையாதலால், கால்வாயில் சேரும் நீரை அது உறிஞ்சிவிடுகிறது. மாஸ்க் ஏரியின் நீரே நிலத்தடியில் ஓடி ஊரருகே ஊற்றெடுப்பதைக் கண்டிருந்தும் அங்கே கால்வாய் வெட்டத் துணிந்தது வியப்புக்குரியதே.

• கால்வாய் பொய்த்த இதே ஊரில் இருந்த மடத்தின் துறவிகளோ நீரைக் கையாள்வதில் தேர்ந்தவர்கள்: மடத்தை அடுத்து ஆற்றின்மேல் அவர்கள் கட்டிய சிறு கல்வீட்டின் தரையில் மீன் பிடிப்பதற்கென்றே ஒரு திறப்பு உண்டு, மீன் சிக்கியதும் மடத்துச் சமையலறையில் மணி ஒலிக்குமாறு கயிறு கட்டியிருந்தனர் என்பது செவிவழிச் செய்தி.