காமிராவுக்குள் ஒரு பூட்டு

சேர்வராயன் மலையில் ஏற்காட்டைச் சுற்றியுள்ள ஊர்களுள் ஒன்று கரடியூர். பெயரிலேயே கரடி இருக்கிறது. ஆனால் அம்மலையின் காப்பித் தோட்டங்களுக்கிடையே இன்று அடிக்கடி கண்ணில் படுவது காட்டெருமைதான். அந்த ஊரை ஒட்டிய காட்டில் வேறு என்னென்ன விலங்குகள் நடமாடுகின்றன என்று நீங்கள் அறிய விரும்புவதாக வைத்துக்கொள்வோம். இரவும் பகலும் மரத்தடியில் காத்திருக்க முடியுமா? ஆகவே தானாக இயங்கும் காமிரா ஒன்றை மரத்தில் கட்டிவிட்டு வருகிறீர்கள். உடல் வெப்பமுள்ள ஏதேனும் அதன் முன் அசைந்தால், அகச்சிவப்புக் கதிர்களை உணரும் சிறு உறுப்பு அதை அறிந்து காமிராவை முடுக்கிவிடும். படம் மெமரி கார்டில் பதியும். சில வாரங்கள் கழித்து யாராவது சென்று கார்டை எடுத்து வருவார்கள்.

காமிராவுக்குக் காட்டெருமை என்றும் மனிதர் என்றும் பேதம் இல்லை. சுள்ளி பொறுக்க வந்த பெண்ணும் வெப்பமுள்ள உயிர்தானே! அவரும் அந்தக் கார்டில் பதிந்துவிடுகிறார். கார்டை எடுத்து வருபவர் நல்லவராக இல்லாவிட்டால் என்ன ஆகும்?

இது வீண் கற்பனை அன்று. உத்தரகண்ட் மாநிலத்தில் கார்பெட் புலிகள் காப்பகத்தை ஒட்டிய ஊரில் 2017ஆம் ஆண்டு இதுதான் நடந்தது. இயற்கை உபாதைக்காகக் காட்டில் ஒதுங்கிய ஒரு பெண், புலிகளுக்காக வைத்த காமிராவில் பதிந்துவிட்டார். தற்காலிக வேலைக்கு எடுக்கப்பட்டிருந்த இளைஞர்கள் சிலர் அந்தப் படத்தை வாட்ஸ்அப்பிலும் ஃபேஸ்புக்கிலும் பரப்பிவிட்டனர். ஊரார் கொதித்தெழுந்து காமிராக்களை உடைத்தனர். வனத்துறைக் காவல் குடிலுக்குத் தீ வைப்போம் என்றும் எச்சரித்தனர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர் த்ரிஷாந்த் சிம்லாய் அப்பகுதியில் 14 மாதங்கள் தங்கி 270 பேருடன் பேசி எழுதிய ஆய்வுக் கட்டுரை 2024இல் வெளிவந்தபோதுதான் இந்தச் செய்தி உலகுக்குப் பரவலாகத் தெரிந்தது.

ஒரு காமிரா, ஒரு காடு என்றால் கவனித்துக்கொள்ளலாம். 1920களில் சாம்பியன் என்னும் ஆங்கில வன அதிகாரி புலியின் கால் இடறும் கம்பியைக் கட்டி இரவில் படமெடுத்த காலத்தில் ஒரு படம் கிடைப்பதே பெரும் பேறு. 2018ஆம் ஆண்டின் அகில இந்தியப் புலிக் கணக்கெடுப்பில் காமிரா வைத்த இடங்கள் 26,838; எடுத்த படங்கள் 3 கோடியே 48 இலட்சத்துக்கும் மேல்! அவற்றுள் புலி இருந்தவை 76,651 மட்டுமே. மற்றவற்றில் மான், பன்றி, காற்றில் ஆடிய கிளை, கூடவே மனிதர்கள்.

புலியின் படமும் ஒரு வகையில் இரகசியம்தான். எந்த இடத்தில், எந்த நேரத்தில் புலி வருகிறது என்பது வேட்டைத் திருடனுக்குப் பொன்னான செய்தி அல்லவா? 2013இல் பன்னா-211 என்னும் புலியின் கழுத்துப் பட்டையிலிருந்து செயற்கைக்கோள் வழியாக இடக்குறிப்புகள் வந்துகொண்டிருந்த ஒரு விஞ்ஞானியின் மின்னஞ்சல் கணக்கைத் திறக்க யாரோ முயன்றார்கள். முயற்சி தடுக்கப்பட்டது. திறந்திருந்தாலும் பயன் இராது; குறிப்புகள் சங்கேதத்தில் இருந்தன. புலியின் கழுத்துப் பட்டைக்குக் கிடைத்த அந்தப் பாதுகாப்பு, சுள்ளி பொறுக்கிய பெண்ணின் படத்துக்குக் கிடைக்கவில்லை.

எண்களைக் கலைத்தல்

காமிராவில் படம் எப்படி இருக்கிறது? எண்களின் வரிசையாக. கறுப்பு வெள்ளைப் படத்தை எடுத்துக்கொள்வோம். படம் முழுவதும் சிறுசிறு புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண். 0 என்றால் முழுக் கறுப்பு. 255 முழு வெள்ளை. காட்டெருமையின் கரிய உடல் 25 என்றும், முழங்காலுக்குக் கீழே காலுறை மாட்டினாற்போல் தெரியும் வெள்ளைப் பகுதி 210 என்றும் பதியலாம். சங்கேதமாக்குவது என்றால் இந்த எண்களைச் சாவி இல்லாதவர் மீட்க முடியாதபடி மாற்றிவைப்பது.

25 வரும் இடமெல்லாம் 180 என்றும், 210 வரும் இடமெல்லாம் 62 என்றும் மாற்றினால் போதாதா? பள்ளிப் பிள்ளைகள் 'அ'வுக்குப் பதில் 'ஆ' என்று எழுதி விளையாடும் இரகசிய எழுத்து இதுதான். படத்தில் இது சுத்தமாகப் பலிக்காது. உடல் முழுவதும் வேறு ஒரே நிறமாகவும், கால்கள் இன்னொரு ஒரே நிறமாகவும் மாறுமே தவிர உருவம் அப்படியே நிற்கும். நிறம் மாறிய எருமை எருமைதான்.

எனவே ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனி எண்ணைக் கூட்ட வேண்டும். முதல் புள்ளி 25. அதனுடன் 198 கூட்டினால் 223. அடுத்த புள்ளியும் 25தான், ஆனால் அதனுடன் 71 கூட்டுகிறோம், 96 வருகிறது. மூன்றாவது புள்ளி 210. 120 கூட்டினால் 330. 255ஐத் தாண்டிவிட்டதால் 256ஐக் கழித்து 74 என்று வைத்துக்கொள்கிறோம். 198, 71, 120 என்ற எண்களில் எந்த ஒழுங்கும் தென்படக் கூடாது. அப்படியானால் முடிவில் கிடைப்பது வெறும் மணல் தூவினாற்போன்ற காட்சி. இந்த எண்களை அறிந்தவர் திரும்பக் கழித்துப் படத்தைப் பெறலாம்.

இலட்சக்கணக்கான புள்ளிகளுக்கு எண்களை எங்கே எழுதிவைப்பது? எழுத வேண்டியதில்லை. சிறிய சாவி ஒன்றிலிருந்து இத்தகைய நீண்ட வரிசையைப் பிறப்பிக்கும் கணித முறைகள் உண்டு. ஜோன் டேமன், வின்சென்ட் ரைமன் என்ற பெல்ஜிய நாட்டினர் இருவர் வகுத்து, 2001இல் அமெரிக்க அரசு தர முறையாக ஏற்ற 'ஏ.இ.எஸ்.' அவற்றுள் இன்று பெரிதும் வழங்குவது. அதன் மிகச் சிறிய சாவி 128 இரும எண்களால் ஆனது. அத்தகைய சாவிகள் எத்தனை இருக்கலாம்? 39 இலக்கங்கள் கொண்ட ஓர் எண்! விநாடிக்கு ஓர் இலட்சம் கோடிச் சாவிகளைச் சோதிக்கும் கம்ப்யூட்டர் இருந்தாலும், எல்லாவற்றையும் சோதித்து முடிக்கப் பிரபஞ்சத்தின் வயதைப்போல் சுமார் 78 கோடி மடங்கு காலம் ஆகும்.

இங்கே ஓர் அபாயம் உண்டு; மரத்தில் கட்டிய காமிராவுக்கே உரியது. இரண்டு படங்களுக்கு ஒரே எண் வரிசையைக் கூட்டிவிட்டால் என்ன ஆகும்? ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் கூட்டிய எண்கள் அடிபட்டுப் போகும். காமிரா அசையாமல் ஒரே இடத்தைப் பார்ப்பதால் மரமும் பாறையும்கூடப் பெரும்பாலும் அடிபட்டுப் போகும். நடந்து சென்றவரின் உருவம் மட்டும் எஞ்சி நிற்கும். எதை மறைக்க நினைத்தோமோ அதையே வெட்டவெளிச்சமாக்கிய கதை! ஆகவே ஒவ்வொரு படத்துக்கும் புதிய சாவி வேண்டும்.

சாவி எங்கே?

இப்போது உண்மையான சிக்கலுக்கு வருகிறோம். பூட்டுவது காமிரா, எனவே சாவி காமிராவுக்குள் இருக்க வேண்டும். காமிராவைத் திருடுபவன் சாவியையும் சேர்த்துத் திருடுகிறான். வீட்டைப் பூட்டிச் சாவியை வாசற்படியில் வைப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

சாவி இல்லாமலே, அழுத்தினாலே பூட்டிக்கொள்ளும் பூட்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். யார் வேண்டுமானாலும் பூட்டலாம். சாவி உள்ளவர்தான் திறக்கலாம். கணிதத்திலும் இப்படி ஒரு பூட்டைச் செய்யலாம் என்ற கருத்தை 1976இல் டிஃபியும் ஹெல்மனும் வெளியிட்டனர். அடுத்த ஆண்டே ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரும் செய்து காட்டினர். அவர்கள் பெயர்களின் முதலெழுத்தால் அது 'ஆர்.எஸ்.ஏ.' எனப்படுகிறது.

பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். நம் பூட்டு 3, 33 என்ற இரண்டு எண்கள். இவை காமிராவில் இருக்கும். திருடனுக்கும் தெரியலாம், குற்றமில்லை. 4 என்ற எண்ணைப் பூட்டுவோம். 4ஐ மூன்று முறை பெருக்கினால் 64. அதை 33ஆல் வகுத்தால் மீதி 31. கார்டில் பதிவது 31 மட்டுமே.

அலுவலகத்தில் உள்ள இரகசியச் சாவி 7. 31ஐ ஏழு முறை பெருக்கி 33ஆல் வகுத்து மீதி காண வேண்டும். பயப்படாதீர்கள், படிப்படியாகச் செய்யலாம். 31ஐ 31ஆல் பெருக்கினால் 961, மீதி 4. இதுவரை 31 இரண்டு முறை. 4ஐ 4ஆல் பெருக்க 16. நான்கு முறை ஆயிற்று. 16ஐ 4ஆல் பெருக்க 64, மீதி 31, ஆறு முறை. இன்னும் ஒரு முறை 31ஆல் பெருக்க 961, மீதி 4. நாம் பூட்டிய எண் திரும்பி வந்துவிட்டது!

33 என்பது 3ஐயும் 11ஐயும் பெருக்கி வந்தது என்று கண்டுபிடித்துவிட்டால் 7 என்ற சாவியையும் கண்டுபிடித்துவிடலாம். சிறிய எண் ஆதலால் அது எளிது. நடைமுறையில் 33க்குப் பதில் 617 இலக்க எண்ணைப் பயன்படுத்துவார்கள். அதன் இரு காரணிகளைக் காண இன்றைய கம்ப்யூட்டர்களால் இயலாது.

ஆர்.எஸ்.ஏ. மெதுவாக நடக்கும் முறை. முழுப் படத்தையும் அதனால் பூட்டுவது வீண் வேலை. எனவே இரண்டையும் இணைக்கிறார்கள். காமிரா ஒவ்வொரு படத்துக்கும் எழுந்தமானமாக ஒரு சாவியை உண்டாக்குகிறது. (ஒளியுணரும் சில்லில் எப்போதும் இருக்கும் மின் இரைச்சலே இதற்கு நல்ல ஊற்று.) அந்தச் சாவியால் படத்தை ஏ.இ.எஸ். முறையில் கலைக்கிறது. சாவியை ஆர்.எஸ்.ஏ. பூட்டில் போட்டுப் படத்தோடு கார்டில் எழுதுகிறது. பிறகு சாவியை மறந்துவிடுகிறது. மறப்பதுதான் இங்கே முக்கியமான வேலை. அதன் பிறகு அந்தக் காமிராவாலேயே அந்தப் படத்தைத் திறக்க முடியாது. கார்டை எடுத்து வருபவர் தம் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் மணல்தான் தெரியும்.

கோப்பின் ஓரத்தில் காமிரா ஒட்டிவைக்கும் சின்னப் படத்தையும், ஜி.பி.எஸ். இடக்குறிப்பையும் சேர்த்தே பூட்ட வேண்டும். பெரிய கதவைப் பூட்டி ஜன்னலைத் திறந்துவைத்துப் பயனில்லை. அப்படிச் செய்தும் எத்தனை படங்கள் உள்ளன என்பது வெளியே தெரியத்தான் செய்யும்.

மனிதர் உள்ள படங்களைத் தாமே பிரித்தெடுக்கும் கம்ப்யூட்டர் முறைகள் இப்போது உண்டே, அவை போதாதா என்று கேட்கலாம். அவை பெரும்பாலும் கார்டு அலுவலகம் சேர்ந்த பின்தான் வேலை செய்கின்றன. கார்பெட்டில் தீங்கு விளைந்தது அதற்கு முந்திய கட்டத்தில், கார்டு கைமாறும் வழியில் அல்லவா?

இத்தனை தெரிந்திருந்தும், கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான காமிராக்களில் இந்தப் பூட்டு இல்லை. காட்டுக் காமிராக்கள் பலவற்றில் கடவுச்சொல் உண்டு. அது பொத்தான்களைத்தான் பூட்டுகிறது, கார்டை உருவி வேறு கருவியில் போட்டால் படம் பளிச்சென்று தெரியும். 2016 டிசம்பரில் 150க்கும் மேற்பட்ட பத்திரிகைப் படப்பிடிப்பாளர்களும் ஆவணப்பட இயக்குநர்களும் கேனன், நிக்கான், சோனி முதலிய நிறுவனங்களுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதிப் பூட்டு வேண்டும் என்று கேட்டனர். எல்லையில் காமிரா பறிமுதலானால் தம்மிடம் பேசியவர்களின் முகங்கள் வெளிப்பட்டுவிடுமே என்பது அவர்கள் கவலை. கேனன் காமிராக்களுக்காக ஆர்வலர்கள் சேர்ந்து எழுதிய 'மேஜிக் லேன்டர்ன்' என்ற மென்பொருளில் படங்களைச் சங்கேதமாக்கும் பகுதி ஒன்று சேர்ந்தது. செய்ய முடியாத காரியம் அன்று என்பதற்கு அது சான்று.

ஒன்றை மறைக்கக் கூடாது. கார்பெட் காட்டுப் பெண்கள் விலங்குகளை விலக்க உரக்கப் பாடிக்கொண்டு போவது வழக்கம். காமிரா பார்க்கிறதே என்ற கூச்சத்தால் குரல் தாழ்ந்துவிட்டது என்கிறது அந்த ஆய்வு. மரத்தில் இருக்கும் காமிரா அவர்கள் கண்ணுக்குத் தெரியும். உள்ளே இருக்கும் பூட்டு தெரியாது. பூட்டை நம்பும்படி அவர்களுக்கு என்ன உறுதி தருவது? சாவி அலுவலகத்தில் இருக்கிறது என்றால், அலுவலகத்தார் மட்டும் பார்க்கலாமா?

ஆர்.எஸ்.ஏ. மூவருள் ஒருவரான அடி ஷமீர் 1979இல் இதற்கும் வழி காட்டியிருக்கிறார். சாவியைப் பங்குபோடலாம்! மூவருக்கு மூன்று பங்கு. எந்த இருவர் சேர்ந்தாலும் சாவி கிடைக்கும். தனி ஒருவரால் முடியாது. வன அதிகாரிக்கு ஒரு பங்கு, ஆய்வாளருக்கு ஒரு பங்கு, கரடியூர்ப் பெண்கள் தேர்ந்தெடுத்த ஒருவருக்கு ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் தம் பங்கைத் தொலைத்தாலும் படங்கள் பாழாகா.

வரைபடத் தாளில் செய்து பாருங்கள். நம் சாவி 7. குத்து அச்சில் 7 என்ற இடத்திலிருந்து ஒரு நேர்கோடு வரைகிறோம். கிடையில் ஒரு கட்டம் நகர்ந்தால் 5 கட்டம் ஏறும் கோடு. கிடையில் 1, 2, 3 என்ற இடங்களுக்கு நேரே கோட்டின் உயரம் 12, 17, 22. மூவருக்கும் ஆளுக்கொரு புள்ளி கொடுத்துவிட்டுக் கோட்டை அழித்துவிடுகிறோம். ஒரு புள்ளியின் வழியே எத்தனை கோடுகள் வேண்டுமானாலும் போகும்; அதை வைத்திருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. எந்த இரண்டு புள்ளிகளையாவது அளவுகோல் வைத்து இணைத்துக் கோட்டைக் குத்து அச்சு வரை நீட்டிப் பாருங்கள். எங்கே போய் முட்டுகிறது?