மந்தநிலைக் காலத்தில் பிள்ளைகளை எதில் சேர்ப்பது?

ப்ளஸ் டூ தேர்வு முடிவு வந்ததும் அடுத்தடுத்த ஜும்ஆக்களில், தொழுகை முடிந்த பிறகு சில தகப்பன்மார் காத்திருந்து என்னிடம் வருவார்கள். மார்க்கச் சட்டம் கேட்க அல்ல. "ஹஜ்ரத், பையனை எதுல சேர்க்கலாம்?" என்று கேட்க. வருடாவருடம் கேட்கும் கேள்விதான். 2009ஆம் ஆண்டான இந்த வருடம் அதில் பயம் கலந்திருக்கிறது.

போன வாரம் வந்தவர் துபையில் கட்டுமானக் கம்பெனி ஒன்றில் பதினெட்டு வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்த சபுராளி. ஜனவரியில் வேலை நின்றது, விசாவைக் கேன்சல் செய்து அனுப்பிவிட்டார்கள். மகன் கணக்கு, அறிவியல் பாடங்கள் எடுத்து சுமாரான மதிப்பெண். கவுன்சிலிங்கில் நல்ல கல்லூரி கிடைக்காது. ஊரிலிருக்கும் ஒரே மனையை விற்று மேனேஜ்மென்ட் கோட்டாவில் இன்ஜினியரிங் சேர்க்கலாமா என்பது அவருடைய கேள்வி. கூடவே மெதுவாக ஒன்று சொன்னார்: பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு முடித்த மகளை இத்தோடு நிறுத்திவிடப் போகிறாராம். இரண்டு பேருக்கும் கட்ட முடியாதல்லவா?

அவருக்குச் சொன்ன பதிலைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

நடந்திருப்பது என்ன என்பதை முதலில் பார்க்க வேண்டும். சென்ற ஆண்டு செப்டம்பர் 15 அன்று அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் என்ற நிதி நிறுவனம் திவாலானது. அதற்குப் பின் உலகமெங்கும் கடன் கிடைப்பது சுருங்கியது. கடன் வாங்கித்தான் துபையில் கோபுரங்கள் எழுந்துகொண்டிருந்தன. அவை பாதியில் நின்றன. ஜூலையில் பீப்பாய் 147 டாலர் வரை போன எண்ணெய், டிசம்பரில் 40 டாலருக்கும் கீழே இறங்கியது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மக்கள் செருப்பும் சட்டையும் வாங்குவதைக் குறைத்தால் அது ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிலிலும் திருப்பூர் பனியன் தொழிலிலும் தெரியும். சாஃப்ட்வேர் கம்பெனிகள் கல்லூரிக்கே வந்து கொடுத்துவிட்டுப் போன வேலைக் கடிதம் கையில் இருக்கிறது; சேரும் தேதிதான் தள்ளிக்கொண்டே போகிறது.

இதையெல்லாம் பார்த்துவிட்டு ஒருவர் "கம்ப்யூட்டர் படிப்பே வேண்டாம்" என்கிறார். இன்னொருவர் "வளைகுடா முடிந்தது" என்கிறார். இரண்டு பேருமே ஒரு கணக்கை விட்டுவிடுகிறார்கள். இன்று கல்லூரியில் சேரும் பிள்ளை இன்றைக்கு வேலை தேடப் போவதில்லை. பி.ஏ., பி.காம். என்றால் 2012இல், இன்ஜினியரிங் என்றால் 2013இல்தான் அவன் வேலைச் சந்தைக்கே வருவான். 2001இல் இதே மாதிரி ஒரு பீதி இருந்தது. அமெரிக்காவில் இன்டர்நெட் கம்பெனிகள் விழுந்த நேரம். கம்ப்யூட்டர் படிப்பு செத்துவிட்டது என்றார்கள். அந்த வருடம் துணிந்து அதில் சேர்ந்தவர்கள் 2005இல் வெளியே வந்தபோது கம்பெனிகள் கூட்டம் கூட்டமாக ஆள் எடுத்துக்கொண்டிருந்தன. இதன் மறுபக்கமும் உண்டு. அலை உச்சத்தில் இருக்கிறதே என்று மனமில்லாமல் 2005இல் சேர்ந்த பிள்ளைகள்தாம் இப்போது கையில் பட்டத்தோடு நிற்கிறார்கள். சேரும் ஆண்டின் செய்தித்தாளை வைத்துப் படிப்பைத் தேர்ந்தெடுப்பது, நேற்றைய மழையைப் பார்த்து நாளைக்குக் குடை எடுப்பது போல.

யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றை நாம் எல்லோரும் பயானில் கேட்டிருக்கிறோம். வரப்போகும் ஏழு பஞ்ச வருடங்களுக்காக, செழிப்பான ஏழு வருடங்களில் பயிரிட்டதைக் கதிரோடு சேர்த்துவைக்கச் சொன்னார்கள். களஞ்சியப் பொறுப்பைக் கேட்டபோது தம் குடும்பப் பெருமையைச் சொல்லவில்லை. பொறுப்பாகப் பாதுகாப்பேன், அந்த வேலை எனக்குத் தெரியும் என்ற இரண்டை மட்டும் முன்வைத்தார்கள். மகன் எதைத் தெரிந்துகொண்டு வெளியே வருவான், எதில் அவனை நம்பலாம் என்று பாருங்கள். பட்டத்தின் பெயர் அதற்குப் பிறகுதான்.

அடுத்தது பணம். மந்தநிலைக் காலத்தில் படிப்பின் செலவு, படிப்பின் பெயரைவிட முக்கியம். வருடத்துக்கு ஒரு லட்சம் செலவு என்றால் நான்கு வருடத்துக்கு நான்கு லட்சம். மனையை விற்றோ வட்டிக்கு வாங்கியோ அதைக் கட்டிய வீட்டில், படிப்பு முடிந்த மறுநாளே பையன் சம்பாதித்தாக வேண்டும். கிடைத்த வேலையில் விழுவான். ஆறு மாதம் பொறுத்திருந்து நல்ல இடம் பார்க்கவோ மேலே படிக்கவோ அவனால் முடியாது. கல்விக் கடன் என்று பெயர் வைத்தாலும் வட்டி வட்டிதான். மார்க்கம் தடுத்தது ஒரு பக்கம் இருக்கட்டும், வருமானம் நிற்கும் காலத்தில் ஏறிக்கொண்டே போகும் கடன் என்ன செய்யும் என்பதை வெளிநாட்டிலிருந்து திரும்பிய சில வீடுகளில் இப்போது பார்க்கிறோம். கவுன்சிலிங்கில் அரசுக் கல்லூரியோ நல்ல கல்லூரியோ கிடைக்கிறதா, தாராளமாகச் சேருங்கள். கிடைக்காதபோது கடன்பட்டு ஏதோ ஓர் இன்ஜினியரிங் கல்லூரியில் சேர்ப்பதைவிட, குறைந்த கட்டணத்தில் நல்ல கலைக் கல்லூரியில் சேர்ப்பது மேல்.

"கலைக் கல்லூரியா?" என்று முகம் சுளிப்பது எனக்குத் தெரியும். மதரஸாவில் ஓதி முடித்த பிறகு நானும் அஞ்சல் வழியில் பி.ஏ. வரலாறு முடித்தவன்தான். அன்று என்னைப் பார்த்தும் சுளித்தார்கள். 1919இல் தொடங்கிய வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியும், 1951இல் தொடங்கிய திருச்சி ஜமால் முகம்மதுவும் சென்னை புதுக்கல்லூரியும் நம் முன்னோர்கள் தங்கள் கைக்காசைப் போட்டு எழுப்பியவை. பி.காம். சேரும் பிள்ளை கூடவே சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட் படிப்பின் நுழைவுத் தேர்வான சி.பி.டி.யை எழுதலாம். கட்டணம் குறைவு, உழைப்பு அதிகம். பலர் பாதியில் விட்டுவிடுவார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் லாபமோ நஷ்டமோ, எந்தக் கம்பெனியும் கணக்கு எழுதித்தான் ஆக வேண்டும், வரி கட்டித்தான் ஆக வேண்டும். நம்மில் வியாபாரிகள் இத்தனை பேர் இருந்தும் ஆடிட்டருக்கு வெளியே அலைகிறோம். சட்டமும் அப்படித்தான். அரசு சட்டக் கல்லூரியில் ப்ளஸ் டூ முடித்தவுடன் ஐந்தாண்டுப் படிப்பு இருக்கிறது. ஒரு பாகப்பிரிவினைக்கோ வக்ஃபு வழக்குக்கோ நம் ஊர்களில் வக்கீல் தேடும் பாடு ஜமாஅத் நிர்வாகிகளுக்குத் தெரியும்.

அரசு வேலையைப் பற்றி நம் வீடுகளில் பேச்சே இல்லை. மந்தநிலை வந்தாலும் பள்ளிக்கூடமும் தாலுகா ஆபீஸும் ரயிலும் நிற்பதில்லை. குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும், குரூப் 2க்கு ஏதாவது ஒரு பட்டம், ஐ.ஏ.எஸ். தேர்வுக்கும் ஏதாவது ஒரு பட்டம்தான். தமிழ்நாட்டில் 2007 முதல் கல்வியிலும் அரசு வேலையிலும் முஸ்லிம்களுக்கு 3.5 சதவீதத் தனி இட ஒதுக்கீடு இருக்கிறது. அதைப் பெற, சாதிச் சான்றிதழில் லெப்பை, தக்னி முஸ்லிம், மாப்பிள்ளா, ஷேக், சையத் என்று அரசுப் பட்டியலில் உள்ள பெயர் இருக்க வேண்டும். வெறுமனே 'இஸ்லாம்' என்று எழுதி வாங்கிவைத்துவிட்டு, விண்ணப்பிக்கும் நாளில் தாசில்தார் அலுவலகத்துக்கு ஓடாதீர்கள். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பத்தாம் வகுப்பு முடித்ததும் பதியுங்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கத் தவறினால் சீனியாரிட்டி போய்விடும். சபுர் போனவர்கள் பலர் இப்படித்தான் அதை இழந்தார்கள்.

மத்திய சிறுபான்மையினர் நல அமைச்சகத்தின் உதவித்தொகைகளும் உண்டு. முந்தைய தேர்வில் 50 சதவீத மதிப்பெண்ணும், குடும்ப ஆண்டு வருமானம் இரண்டு லட்சத்துக்குள்ளும் இருந்தால் ப்ளஸ் ஒன் முதல் மேற்படிப்பு வரைக்குமான உதவிக்கு விண்ணப்பிக்கலாம். தொழிற்கல்விக்கு வருமான வரம்பு இரண்டரை லட்சம். கல்விக் கட்டணமாக ஆண்டுக்கு 20,000 ரூபாய் வரை கிடைக்கும். இவற்றில் 30 சதவீதம் பெண் பிள்ளைகளுக்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது.

அந்தத் தகப்பனாரின் மகளிடம் வருகிறேன். கையில் பணம் சுருங்கியதும் நம் வீடுகளில் முதலில் நிற்பது பெண் பிள்ளையின் படிப்பு. கணக்காகப் பார்த்தாலும் இது தவறு. இரண்டு வருடம் செலவழித்தாகிவிட்டது, பட்டத்துக்கு மீதி ஒரே வருடம். இப்போது நிறுத்தினால் செலவழித்தது அத்தனையும் வீண், முடித்தால் பி.எட். படிக்கலாம், ஊர்ப் பள்ளியிலேயே ஆசிரியையாகலாம். பையனுக்கோ படிப்பு இன்னும் தொடங்கவே இல்லை. வீட்டில் வருமானம் நின்றிருக்கும்போது எது சீக்கிரம் கனியும்? அவள் படிப்பை நிறுத்தி இவனுக்கு டொனேஷன் கட்டுவதில் நியாயமும் இல்லை, லாபமும் இல்லை.

"பையனைக் கேட்டீங்களா?" என்று கடைசியாகக் கேட்டேன். கேட்கவில்லை. மஷ்வரா என்றால் ஹஜ்ரத்திடமும் துபை நண்பர்களிடமும் கேட்பது மட்டுமல்ல, படிக்கப் போகிறவனிடமும் கேட்பது. இரண்டு ரக்அத் தொழுது இஸ்திகாராவும் செய்யச் சொல்லுங்கள் என்றேன்.

இந்த ஜும்ஆவில் மகனோடு வந்தார். பையன் கையில் இரண்டு கல்லூரிகளின் பி.காம். விண்ணப்பங்கள் இருந்தன. மனை அப்படியே இருக்கிறதாம். மகளுக்கு மூன்றாம் ஆண்டுக் கட்டணத்தின் முதல் தவணையைக் கட்டிய ரசீதை, நான் கேட்காமலேயே சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார்.