மீன் தொட்டியும் கீரைப் பாத்தியும்: ஒரே தண்ணீரில் இரண்டு விளைச்சல்



கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா என்றால் நம்மில் பலருக்கு அது அந்நிய ஊர் அல்ல. 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு மலைநாட்டுக் குடும்பங்கள் பல வன்னிக்குப் போய், காடு வெட்டிக் குடியேறின. அண்ணன் தம்பி, மாமன் மச்சான் இன்றும் அங்கே இருக்கிறார்கள். வன்னி வீட்டு முற்றத்தில் மீனும் கீரையும் சேர்த்து வளர்ப்பது எப்படி, அதை மேலும் நல்லாக்குவது எப்படி என்று இந்த இதழில் பார்ப்போம். அதையே நம் லயத்துப் பக்கம் செய்யலாமா என்பதையும் கடைசியில் சொல்கிறோம்.

குளம் கற்றுத் தந்த பாடம்

வன்னி என்றால் குளம். இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு, பாவற்குளம் என்று பெரிய குளங்களும், ஊருக்கு ஊர் சின்னக் குளங்களும் உண்டு. அந்தக் குளங்களில் மீன் வளருகிறது. அதே தண்ணீர்தான் வாய்க்கால் வழியே வயலுக்குப் பாய்கிறது. திலாப்பியா மீன் 1952ஆம் ஆண்டு வெளியிலிருந்து இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று நம் நாட்டுக் குளங்களில் அதிகம் பிடிபடும் மீன்களில் அது ஒன்று.

குளமும் வயலும் செய்கிற வேலையை ஒரு தொட்டியிலும் ஒரு பாத்தியிலும் செய்வதுதான் 'அக்குவாபொனிக்ஸ்'. பெயர்தான் பெரிசு, சங்கதி சின்னது. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு: வயலுக்குப் போன தண்ணீர் குளத்துக்குத் திரும்பி வராது, இங்கே அது சுத்தமாகித் தொட்டிக்கே திரும்பி வருகிறது. காஸாவில் நிலமும் நல்ல தண்ணீரும் இல்லாத குடும்பங்களுக்கு, ஐக்கிய நாடுகள் உணவு விவசாய நிறுவனம் வீட்டு மொட்டை மாடிகளில் இப்படிப்பட்ட தொட்டிகளை அமைத்துக் கொடுத்தது.

உள்ளே நடப்பது என்ன?

மீன் தின்கிறது, கழிவு விடுகிறது. அந்தக் கழிவிலிருந்தும் செவுளிலிருந்தும் அமோனியா தண்ணீரில் சேருகிறது. அது கூடினால் மீனுக்கு நஞ்சு. ஆனால் கல்லிலும் குழாயிலும் ஒட்டி வாழும் கண்ணுக்குத் தெரியாத பக்டீரியாக்கள் அமோனியாவை முதலில் நைத்திரைற்றாக மாற்றுகின்றன. இதுவும் நஞ்சுதான். பிறகு வேறு பக்டீரியாக்கள் அதை நைத்திரேற்றாக மாற்றுகின்றன. நைத்திரேற்று செடிக்குப் பசளை. செடி அதை உறிஞ்சிக்கொள்ள, சுத்தமான தண்ணீர் மீனுக்குத் திரும்புகிறது.

ஆகவே நாம் வளர்ப்பது இரண்டல்ல, மூன்று: மீன், செடி, பக்டீரியா. மூன்றாவதை மறப்பவர்களுடைய மீன்தான் முதல் மாதத்திலேயே செத்து மிதக்கிறது.

சின்னதாகத் தொடங்குவோம்

500 லீற்றர் தண்ணீர்த் தொட்டி ஒன்று, ஒரு சதுர மீற்றர் பரப்பும் 30 சென்ரிமீற்றர் ஆழமும் உள்ள கல் பாத்தி ஒன்று. இது ஒரு குடும்பத்துக்குப் போதுமான தொடக்கம்.

தொட்டி: பழைய பரல் வாங்கினால் அதில் முன்பு என்ன இருந்தது என்று கட்டாயம் கேளுங்கள். களைநாசினி, பூச்சிமருந்து, எண்ணெய் இருந்த பரல் எத்தனை தரம் கழுவினாலும் வேண்டாம். மீனும் சாகும், அந்தக் கீரையைத் தின்னும் பிள்ளைக்கும் கெடுதல். தொட்டி நிழலில் இருக்கட்டும், மேலே வலை போடுங்கள். காகத்தையும் பூனையையும் தடுக்க மட்டுமல்ல, சின்னப் பிள்ளைகள் தவறி விழாமல் இருக்கவும்தான்.

பாத்தி: 300 லீற்றர் அளவு கல் பிடிக்கும். அதன் பாரம் 450 கிலோவுக்குக் குறையாது, தண்ணீர் சேர்ந்தால் இன்னும் கூடும். அதனால் பலகையை முண்டு கொடுத்து நிறுத்துகிற வேலை சரிவராது. சீமெந்துக் கல் அடுக்கி உறுதியாகத் தாங்கு கட்டுங்கள். முக்கால் அங்குலக் கருங்கல் சல்லி நல்லது. சுண்ணாம்புக் கல் வேண்டாம். சந்தேகமாக இருந்தால் கல்லில் வினாகிரி கொஞ்சம் ஊற்றுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது என்று அர்த்தம், விட்டுவிடுங்கள்.

குழாய்: பாத்தியின் அடியில் ஓட்டை போட்டு, 25 சென்ரிமீற்றர் உயரமான குழாய் ஒன்றை நிறுத்துங்கள். அதன் அடிப்பக்கத்தில் இரண்டு மூன்று சின்னத் துளைகள் வேண்டும். பம்ப் ஓடும்போது தண்ணீர் குழாயின் தலை வரைக்கும் ஏறி, மிச்சம் வழிந்து தொட்டிக்கு வரும். பம்ப் நின்றதும் சின்னத் துளை வழியாகப் பாத்தி மெல்ல வடியும். வடியும்போது வேருக்குக் காற்று கிடைக்கும். மேலே 5 சென்ரிமீற்றர் கல் எப்போதும் காய்ந்தே இருப்பதால் பாசியும் நுளம்பும் சேராது.

பம்ப்: மணிக்கு 1000 லீற்றர் இறைக்கும் சின்ன பம்ப் போதும். அரை மணி நேரம் ஓட்டி அரை மணி நேரம் நிறுத்த நேரக் கருவி ஒன்று பொருத்தலாம். 20 வாற்று பம்ப் நாளைக்கு 12 மணி நேரம் ஓடினால் மாதத்துக்குச் சுமார் 7 யுனிற் கரண்ட் போகும்.

அவசரம் வேண்டாம்

தொட்டியை நிரப்பி இரண்டு நாள் சும்மா ஓட்டுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் அதற்குள் பெரும்பாலும் போய்விடும். பிறகு நான்கைந்து மீன் குஞ்சுகள் மட்டும் விட்டு, மிகக் குறைவாகத் தீனி போடுங்கள். பக்டீரியா பெருக 4 முதல் 6 கிழமை பிடிக்கும். நோய் இல்லாத பழைய மீன் தொட்டி ஒன்றிலிருந்து ஒரு கை கல் வாங்கிப் போட்டால் சீக்கிரமாகும். அதன் பிறகு மற்றக் குஞ்சுகளை விடுங்கள். மொத்தம் 12 முதல் 15 மீன் போதும்.

"அவ்வளவுதானா?" என்று கேட்பீர்கள். கணக்கைப் பாருங்கள். 12 மீன் தலைக்கு 200 கிராம் வளர்ந்தால் 2.4 கிலோ. உடல் எடையில் 100க்கு 2 பங்கு தீனி என்றால் நாளைக்கு 48 கிராம். ஒரு சதுர மீற்றர் கீரைக்கு நாளொன்றுக்கு 40 முதல் 50 கிராம் தீனியின் கழிவே போதும். மீனைக் கூட்டினால் பாத்தியையும் கூட்ட வேண்டும். ஆகவே இது மீன் வியாபாரம் அல்ல. அடிக்கடி கீரை கிடைக்கும், இடைக்கிடை மீன் குழம்பும் கிடைக்கும். கங்குன், பொன்னாங்காணி, வல்லாரை, பசளி ஆகியவை இதில் நன்றாக வரும். பழகின பிறகு தக்காளி, கொச்சி வைக்கலாம்.

போட்ட தீனி கால் மணி நேரத்துக்குப் பிறகும் மிதந்தால் அள்ளி எறியுங்கள், மறுநாள் குறையுங்கள். செடிக்கு மருந்து அடிக்கவே கூடாது. புழுவைக் கையால் பொறுக்குங்கள். வேப்பெண்ணெய் கூட தொட்டித் தண்ணீரில் விழக்கூடாது.

வன்னியில் வரும் கஷ்டங்கள்

முதலாவது, கிணற்றுத் தண்ணீர். வன்னியில் பல இடங்களில் அது கடினத் தண்ணீர். கேத்தலில் வெள்ளைப் படிவு பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். இப்படிக் காரத்தன்மை கூடிய தண்ணீரில் இரும்புச் சத்தைச் செடி எடுக்க முடியாது. இளம் இலை மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அதைவிடப் பெரிய ஆபத்து, காரமும் சூடும் கூடின தண்ணீரில் அமோனியாவின் நஞ்சும் கூடும். மாரியில் கூரைத் தண்ணீரைப் பிடித்து வைத்து, கிணற்றுத் தண்ணீரோடு கலந்து விடுவதே மலிவான வழி. மஞ்சள் மாறாவிட்டால் செடிக்கான 'கீலேற்று' இரும்பு கொஞ்சமாகப் போடலாம். இதைப் பற்றி விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள்.

இரண்டாவது, கோடை. ஆனால் இதில்தான் இந்த முறையின் பெருமை இருக்கிறது. அதே தண்ணீர் சுற்றுவதால், ஆவியாகிப் போனதையும் செடி குடித்ததையும் மட்டும் ஊற்றினால் போதும். பெரும்பாலான நாட்களில் ஒரு வாளி, இரண்டு வாளி.

மூன்றாவது, கரண்ட். 2022ஆம் ஆண்டு நாடு முழுக்க நாளுக்குப் பல மணி நேரம் மின்வெட்டு இருந்ததை யாரும் மறக்கவில்லை. கரண்ட் நின்றால் தீனியை நிறுத்துங்கள். மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், வாளியில் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து திரும்ப ஊற்றுங்கள். விழுகிற தண்ணீர் காற்றைக் கொண்டுபோகும். மீனைக் குறைவாக விடச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம் மலைப் பக்கம்?

நுவரெலியா போன்ற குளிர் இடத்தில் திலாப்பியா சரிவராது. தண்ணீர் 20 பாகைக்குக் கீழே போனால் தீனி எடுப்பது குறைந்து வளர்ச்சி நின்றுவிடும். அங்கே கெண்டை தாக்குப்பிடிக்கும். கேகாலை, இரத்தினபுரி, காலிப் பக்கத் தாழ்நிலத் தோட்டங்களுக்குத் திலாப்பியாவே நல்லது. மலையில் தண்ணீர்ப் பிரச்சினை வன்னிக்கு நேர்மாறு. மென்மையான தண்ணீர், நாள் போகப் போகப் புளிப்புக் கூடி பக்டீரியா சோர்ந்துபோகும். வன்னியில் வேண்டாம் என்று சொன்ன சுண்ணாம்புக் கல்லை இங்கே ஒரு சின்னத் துணிப்பையில் கட்டித் தொட்டியில் தொங்கவிடலாம்.

பீலித் தண்ணீர் எல்லோருக்கும் பொது. தொட்டி கழுவின அழுக்கை அந்தப் பக்கம் விடாதீர்கள், வாழைக்கு ஊற்றுங்கள். கொழுந்து மலைக்கு மருந்து அடித்த உடுப்போடும் கையோடும் தொட்டிப் பக்கம் போகாதீர்கள்.

கடன் வாங்கிச் செய்யலாமா?

வேண்டாம் என்பதே நமது கருத்து. 2021ஆம் ஆண்டு இரசாயனப் பசளைத் தடை வந்தபோது பசளை இல்லாமல் எவ்வளவு திண்டாடினோம்! அதனால் வீட்டிலேயே பசளை உண்டாக்கும் வழி நமக்கு வேண்டும்தான். ஆனால் பம்ப், பரல், சல்லி, தீனி எல்லாம் காசுதான். முதலில் ஒரு சின்னத் தொட்டியில் நான்கு மீன் விடுங்கள். கிழமைக்கு இரண்டு தரம் கொஞ்சத் தண்ணீரை வாளியில் மொண்டு கீரைப் பாத்திக்கு ஊற்றிவிட்டு, தொட்டிக்குப் புதுத் தண்ணீர் விடுங்கள். பம்பும் வேண்டாம், கரண்டும் வேண்டாம். மூன்று மாதம் மீன் சாகாமல் காப்பாற்றினால் உங்களுக்குக் கை பழகிவிட்டது என்று அர்த்தம். அப்போது மூன்று நான்கு குடும்பம் சேர்ந்து பெரிய தொட்டி கட்டுவதைப் பற்றி யோசிக்கலாம். வன்னியில் இருக்கும் சொந்தக்காரருக்கும் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.